கடற்கரை ஏலமும் கைப்பேசி ஏலமும்

(மேல்நிலை முதலாம் ஆண்டு மாணவியர்)

"ஒரு தரம்... இரண்டு தரம்... மூன்று தரம்!"

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை நீண்டு கிடக்கும் எங்கள் கடற்கரையில், விடியற்காலையில் நின்று பார்த்தவர்களுக்கு இக்குரல் புதிதன்று. படகு கரையேறியதும் வலை உதறப்படும். மீன் மணலில் கூறு கூறாகப் பிரிக்கப்படும். சுற்றிலும் கூடைகளுடன் பெண்கள் கூடிவிடுவர். சங்கராவோ, கானாங்கெளுத்தியோ, நெத்திலியோ, எதுவாயினும் ஐந்தே நிமிடத்தில் ஏலம் முடிந்துவிடும். செங்கல்பட்டுப் பக்கமிருந்து பள்ளிக்கு வரும் எங்களில் பலருக்கு இது வேடிக்கை. மாமல்லபுரம், கொக்கிலமேடு, புதுப்பட்டினம் பக்கமிருந்து பேருந்தில் வரும் தோழியருக்கோ அன்றைய அடுப்பு எரிவதும் எரியாததும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் இருக்கிறது.

நாங்கள் எழுத வந்தது மீனைப் பற்றியன்று. முகம் தெரியாதவரிடம் கைப்பேசி வழியாகப் பொருள் வாங்குவதைப் பற்றியே எழுத வந்தோம். ஆனால் அந்தப் பாடத்தை எங்களுக்குப் புகட்டியது கணினி வகுப்பு அன்று. கொக்கிலமேட்டு மணல்வெளிதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

கரையில் நடக்கும் ஏலத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். பொருள் கண்ணெதிரே கிடக்கிறது. செவுளைத் தூக்கிப் பார்க்கலாம். சிவந்திருந்தால் நல்ல மீன், கறுத்திருந்தால் பழையது. கண் தெளிவாக இருக்கிறதா, விரலால் அழுத்தினால் சதை எழும்புகிறதா என்று பார்க்கலாம். இரண்டாவது, ஏலம் விடுகிறவர் ஊரறிந்தவர். இன்று ஏமாற்றினால் நாளை அதே மணலில் அதே பெண்களின் முன்னே வந்து நிற்க வேண்டும்! படகுக்காரரின் மைத்துனரே கூட்டத்தில் நின்றுகொண்டு விலையை ஏற்றிவிட்டால், "நீ யாருக்காகக் கேட்கிறாய் என்று எங்களுக்குத் தெரியாதா?" என்று நாலு பேர் சிரிப்பார்கள். மூன்றாவதுதான் எங்களை மிகவும் வியக்க வைத்தது. பல சமயங்களில் மீன் முதலில் போகிறது; பணம் பிறகுதான் வருகிறது. கூடையைச் சுமந்துகொண்டு போன பெண் விற்றுவிட்டு வந்து மாலையிலோ மறுநாளோ கணக்குத் தீர்க்கிறாள். அவளுக்கும் படகுக்காரருக்கும் நடுவே ஏலக்காரர் நிற்கிறார். அதற்குத்தான் அவருக்குத் தரகு.

கைப்பேசிச் சந்தையில் இம்மூன்றும் அப்படியே தலைகீழ். பொருள் இல்லை, படம் மட்டும் இருக்கிறது. ஆள் இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது. பணம் முதலில் போக வேண்டும் என்கிறார்கள். பொருள் பிறகு வருமாம்!

இதனால் கணினி வழி ஏலமே தீயது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 1995-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பியர் ஒமிட்யார் என்பவர் ஓர் ஏலத் தளத்தைத் தொடங்கினார். அதில் முதன்முதலில் விலைபோன பொருள் என்ன தெரியுமா? உடைந்துபோன ஒரு லேசர் விளக்கு! 14 டாலர் 83 சென்ட் கொடுத்து ஒருவர் வாங்கினார். உடைந்தது என்று சொல்லியே விற்றார்கள், தெரிந்தே வாங்கினார்கள். அந்தத் தளமே பின்னாளில் ஈபே என்று பெயர் பெற்றது. நம் நாட்டில் 2000-இல் தொடங்கிய பாஜீ என்ற தளத்தை 2004-இல் ஏறக்குறைய 5 கோடி டாலருக்கு ஈபே வாங்கியது. அவர்களிடம் 'பைசாபே' என்று ஓர் ஏற்பாடு இருந்தது. வாங்குகிறவர் கொடுக்கும் பணம் நேரே விற்கிறவரிடம் போகாது. பொருள் போய்ச் சேரும்வரை நடுவில் நிற்கும். நம் கரையோர ஏலக்காரரின் வேலையை ஓர் எந்திரம் செய்தது என்றே நாங்கள் இதைப் புரிந்துகொண்டோம். ஈபேயின் இந்தியத் தளம் 2018 ஆகஸ்டு 14-ஆம் நாளோடு மூடப்பட்டுவிட்டது. இன்று நம்மவர் பெரிதும் நாடுவது பழைய பொருள்களுக்கான விளம்பரத் தளங்களையே. அவற்றுள் பலவற்றில் நடுவில் நிற்க ஆளில்லை. விளம்பரத்தைப் போடுவதோடு தளத்தின் வேலை முடிந்துவிடுகிறது.

இனி எங்கள் கதைக்கு வருவோம்.

2022 டிசம்பர் 9-ஆம் நாள் இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்ததை எங்கள் பக்கத்தார் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அன்று எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. அவள் அம்மாவின் கால்மிதி தையல் மெஷின் உப்பேறித் துருப்பிடித்தது. பழுது பார்த்துப் பழுது பார்த்து ஓட்டினார். சென்ற ஆண்டு அது நின்றேவிட்டது. ரவிக்கை தைப்பதும் பள்ளிச் சீருடை தைப்பதும்தான் அவ்வீட்டின் வருமானம். ஒரு திங்கட்கிழமை அவள், "அரையாண்டுத் தேர்வோடு நின்று ஒரு ஜவுளிக் கடைக்கு வேலைக்குப் போகப் போகிறேன்" என்று சொன்னாள். நாங்கள் யாரும் அன்று மதிய உணவைச் சரியாக உண்ணவில்லை.

வகுப்பு முழுவதும் சேர்ந்தோம். கைவேலைப் பொருள்கள் செய்து பள்ளிச் சந்தையில் விற்றதும், பேருந்துக் காசில் மிச்சம் பிடித்ததுமாக 5,200 ரூபாய் சேர்ந்தது. சிஸ்டரிடம் ஒப்படைத்தோம். புதிய மெஷின் அந்தப் பணத்துக்கு எட்டவில்லை. பழையதைத் தேடலாம் என்று முடிவாயிற்று. பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவர அனுமதியில்லை அல்லவா? ஆகவே தோழியின் அக்கா தம் கைப்பேசியில் தேடிப் பார்த்தார். அன்று மாலையே ஒரு விளம்பரம் கிடைத்தது. புத்தம் புதிதுபோல் மின்னும் மெஷின். மேசையோடு சேர்த்து 3,500 ரூபாய்தான்!

விற்பவர் தான் ராணுவத்தில் பணிபுரிவதாகவும், திடீரென்று வடக்கே மாற்றல் வந்துவிட்டதாகவும், வீட்டுச் சாமான்களை அள்ளிக் கொடுப்பதாகவும் எழுதினார். சீருடை அணிந்த படமும் அடையாள அட்டையின் படமும் கேளாமலே வந்து விழுந்தன. வண்டிக் கூலிக்கு 1,200 ரூபாய் மட்டும் முதலில் அனுப்ப வேண்டும். மீதியைப் பொருள் வந்தபின் கொடுத்தால் போதுமாம். "வேறு இரண்டு பேர் கேட்கிறார்கள், இரவு எட்டு மணிக்குள் முடிவு சொல்லுங்கள் மேடம்" என்று நெருக்குதல் வேறு.

அந்த நேரத்தில் தோழியின் ஆயா திண்ணையில் உட்கார்ந்து கூடை முடைந்துகொண்டிருந்தார். நாற்பது ஆண்டுகள் கரையில் ஏலம் எடுத்துத் தலைச்சுமையாக மீன் விற்றவர். படத்தைக் காட்டினோம். உற்றுப் பார்த்துவிட்டு அவர் கேட்ட கேள்வி இதுதான்.

"படத்துல இருக்கிற மீனுக்குச் செவுளைத் தூக்கிப் பாக்க முடியுமா, கண்ணு?"

நாங்கள் விழித்தோம். அவரே மேலும் சொன்னார்: "அவசரப்படுத்துறவன் மீனு நேத்து மீனு. போய்ப் பாத்துட்டு வாங்க. பாக்க விடமாட்டேன்னு சொன்னா அங்க மீனே இல்ல."

அக்கா அவ்வாறே எழுதினார். நேரில் வந்து பார்த்துப் பணம் தருகிறோம் என்றார். முகாமுக்குள் வெளியார் வர முடியாது என்று பதில் வந்தது. சரி, படம் பேசும் அழைப்பிலாவது மெஷினை ஓட்டிக் காட்டுங்கள் என்றார். வேலையில் இருக்கிறேன் என்றார் அவர். எட்டு மணிக்கு நாட்டுப்பற்றைப் பற்றி ஒரு நீண்ட உபதேசம் வந்தது. எட்டரைக்கு விளம்பரமே மறைந்தது! ராணுவ வீரர் என்றும், விமான நிலையக் காவல் படையினர் என்றும் சொல்லிக்கொண்டு வீட்டுச் சாமான், ஸ்கூட்டர் விற்பதாக ஏய்ப்பது நாடு முழுவதும் பல ஆண்டுகளாக நடந்து வரும் பழைய தந்திரம் என்பதைச் செய்தித்தாளில் தேடிப் பிறகு அறிந்தோம். சீருடையின் மீது நமக்கிருக்கும் மரியாதையைத்தான் அவர்கள் முதலாகப் போடுகிறார்கள். நினைக்கவே மனம் கசக்கிறது.

பிறகு கிடைத்த மெஷின் சிங்கபெருமாள்கோவிலில் இருந்தது. கண் பார்வை மங்கியதால் தையலை விட்ட ஓர் அம்மையார் விற்க முன்வந்தார். ஒரு சனிக்கிழமை எங்கள் வகுப்பாசிரியை, தோழியின் தாய், தெருவில் தையல் தெரிந்த ஓர் அத்தை, எங்களில் மூவர் என ஆறு பேர் போனோம். அத்தை பையில் துணித் துண்டுகளையே எடுத்து வந்திருந்தார். மெல்லிய வாயில் துணியில் ஒரு தையல், மடித்த தடித்த துணியில் ஒரு தையல். துணியைத் திருப்பி அடிநூல் தொங்குகிறதா என்று பார்த்தார். பாபினைக் கழற்றிப் பார்த்தார். சக்கரத்தைக் கையால் சுற்றிக் காது கொடுத்துக் கேட்டார். பெல்ட்டை மாற்ற வேண்டும் என்று சொல்லி விலையைக் குறைத்தார். 4,800 கேட்டவர் 4,500-க்கு இறங்கினார். அவ்வம்மையார் பழைய ரசீதையும் தேடி எடுத்துத் தந்தார். அதன்பின்தான் சிஸ்டர் கொடுத்தனுப்பிய உறை திறக்கப்பட்டது. மீன் ஏற்றக் கடற்கரைக்குக் காலியாகப் போகும் குட்டி யானை வண்டியில் டீசலுக்கு 500 ரூபாய் கொடுத்து மெஷினை ஏற்றிவிட்டோம். மீதி 200 ரூபாய் பெல்ட்டுக்கும் எண்ணெய்க்கும் ஊசிக்கும் சரியாகப் போயிற்று. தோழி தேர்வுக்குப் பின்னும் எங்களோடு அதே வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். ஆயாவுக்கு மட்டும் இன்னும் மனக்குறை. இருநூறு கூடுதலாகக் கொடுத்துவிட்டோமாம்!

படமும் பத்திரமும் இருந்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். போதாது என்பதற்கு நம் தமிழகத்திலேயே ஒரு பெரிய சான்று உண்டு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவு போன சோழர் கால நடராசர் திருமேனியை, ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008-இல் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. விற்றவர் நியூயார்க்கில் கலைப்பொருள் கடை வைத்திருந்த சுபாஷ் கபூர். சிலை பல ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவை விட்டு வெளியேறியது என்று காட்டும் காகிதங்கள் இருந்தன. அவை பொய்க் காகிதங்கள். அச்சிலை கோயிலில் இருந்ததைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்பே எடுத்து வைத்திருந்த புகைப்படங்கள் காட்டிக் கொடுத்தன. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரே புதுதில்லிக்கு வந்து அதைத் திருப்பி ஒப்படைத்தார். கபூர் 2011-இல் ஜெர்மனியில் கைதானார். அரியலூர் மாவட்டத்தின் மற்றொரு சிலைத் திருட்டு வழக்கில் 2022-இல் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. அறிஞர்களும் வழக்கறிஞர்களும் நிறைந்த ஒரு கலைக்கூடத்துக்கே காகிதம் கண்ணை மறைத்தது என்றால், கைப்பேசியில் வந்து விழும் ஓர் அடையாள அட்டை எம்மாத்திரம்?

சிலையை விடுங்கள்; பழைய கைப்பேசியையே எடுத்துக்கொள்வோம். அது திருட்டுப் பொருளாக இருந்தால் வாங்கியவர் அல்லவா காவல் நிலையப் படி ஏற வேண்டும்? *#06# என்று அழுத்தினால் அக்கைப்பேசிக்குரிய 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் திரையில் தோன்றும். கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளுக்குப் பின் இடைவெளி விட்டு அந்த எண்ணை இட்டு 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது தடை செய்யப்பட்ட கருவியா என்பது தெரிந்துவிடும். மத்தியத் தொலைத்தொடர்புத் துறை செய்து வைத்திருக்கும் வசதி இது. பணம் கொடுக்குமுன் செய்ய வேண்டும் என்பதை மட்டும் மறவாதீர்கள்.

வங்கி நகை ஏலம், வாகன ஏலம், அரசு ஏலம் முதலியனவும் இன்று கணினியில்தான் நடக்கின்றன. எம்.எஸ்.டி.சி. என்ற மத்தியப் பொதுத்துறை நிறுவனமே இத்தகைய ஏலங்களை நடத்துகிறது. இவற்றில் 'உள்ளது உள்ளபடி' என்று ஒரு வாசகம் இருக்கும். வாங்கியபின் குறை சொல்லக் கூடாது என்பது அதன் பொருள். அதனால்தான் பார்வையிட நாள் குறித்துத் தருகிறார்கள். அந்த நாளில் போகாமல் ஏலத்தன்று மட்டும் உற்சாகமாக விலை கேட்பவரை என்னென்பது! ஏலத்துக்கென்றே ஒரு மயக்கம் உண்டு. பங்குத் திருவிழாவில் ஒரு பூசணிக்காய் பத்து மடங்கு விலைக்குப் போவதை நாமே பார்த்திருக்கிறோம். அங்கே அது காணிக்கை, போனால் போகட்டும். மற்ற இடங்களில் நம் உச்ச விலையைத் துண்டுச் சீட்டில் எழுதி மடித்து வைத்துக்கொண்டு உட்காருவதே நல்லது. ஆயா முந்தானையில் முடிந்து கொண்டு போவாராம். முடிச்சில் உள்ள தொகைக்கு மேல் வாய் திறப்பதில்லையாம்.

வாங்குகிறவருக்கு மட்டும்தான் கண்ணி என்றெண்ண வேண்டாம். எங்களுள் ஒருத்தியின் மாமா தம் பழைய குளிர்பெட்டியை விற்க விளம்பரம் செய்தார். பேரமே பேசாமல் ஒருவர் வாங்கச் சம்மதித்தார். முன்பணம் அனுப்புவதாகச் சொல்லி ஒரு கியூ.ஆர். கட்டத்தை அனுப்பினார். "இதைப் பிடித்து உங்கள் ரகசிய எண்ணைப் போடுங்கள், பணம் உங்கள் கணக்கில் ஏறும்" என்றார். ஏறவில்லை, 18,000 ரூபாய் இறங்கியது! பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. அந்த எண்ணைப் போட்டால் நம் பணம் வெளியே போகிறது என்றே பொருள். இவ்வளவு எளிய செய்தி அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அதைவிடப் பெரிய நட்டம் ஒன்று உண்டு. மாமா மூன்று நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. படித்தவன் ஏமாந்தான் என்று ஊர் சிரிக்குமே என்ற கூச்சம். 1930 என்ற எண்ணுக்கு உடனே தொலைபேசியில் சொல்லியிருந்தால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்கி வைக்க வங்கிகளுக்குத் தகவல் போயிருக்கும். மூன்றாம் நாள் சொன்னபோது பணம் கணக்குக் கணக்காகத் தாவிக் கரைந்து போயிருந்தது. நெத்திலிக் கூடை வெயிலில் இருப்பது போலத்தான் இதுவும். ஒவ்வொரு மணி நேரமும் கெடுகிறது. ஏமாற்றியவன் வெட்கப்படவில்லை, ஏமாந்தவர் வெட்கப்பட்டு ஒளிந்துகொண்டார். இது எங்களுக்கு மிகவும் அநியாயமாகப் படுகிறது. வீட்டில் எவரேனும் இப்படி முகம் வாடி உட்கார்ந்திருந்தால், மகளிராகிய நாமாவது ஏசாமல் முதலில் அந்த எண்ணை அழைக்கலாம். சைபர் குற்றப் புகார்களுக்கென்று மத்திய அரசின் இணையதளமும் இருக்கிறது.

பொருள் வந்தது, ஆனால் பழுதாக வந்தது என்றால் வழி வேறு. 1915 என்பது தேசிய நுகர்வோர் உதவி எண். 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்றவர் மும்பையில் இருந்தாலும் நாம் நம் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். செங்கல்பட்டிலேயே அந்த ஆணையம் இருக்கிறது. ஆனால் ஒன்று: இது வியாபாரிகளுக்கே பொருந்தும். தம் வீட்டுப் பழைய கட்டிலை ஒருமுறை விற்கும் தனிமனிதரை மின்வணிக விதிகள் பிடிப்பதில்லை. அவரிடம் வாங்கும்போது நம் கண்ணும் காதுமே நமக்குச் சட்டம்.

இவ்வளவும் எழுதியபின், நல்ல விற்பனையாளர் படும் பாட்டையும் எழுதாவிடில் குறையாகும். மாமல்லபுரத்தில் ஐந்து ரதம் போகும் சாலையோரம் கல் செதுக்கும் ஒரு சிற்பி அண்ணனிடம் பேசினோம். மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. இருந்தும் முகம் பாராமல் கேட்பவருக்கு அவரை எப்படி நம்புவது என்ற சந்தேகம். ஆர்டர் கொடுத்துவிட்டு மறைந்து போகிறவர்களால் அவருக்கும் நட்டம். அதற்கு அவர் ஒரு முறை வைத்திருக்கிறார். பாதிப் பணம் முன்கூட்டி வாங்குவார். கல்லைத் தேர்ந்ததும் ஒரு படம், உரு வெளிப்பட்டதும் ஒரு படம், முகம் முடிந்ததும் ஒரு படம் அனுப்புவார். ஒவ்வொரு படத்திலும் கல்லின் மேல் அன்றைய தினசரிப் பத்திரிகை, தேதி தெரியும்படி வைக்கப்பட்டிருக்கும். வேறு எவரோ செய்த சிலையின் படம் அன்று, இன்று இங்கே நான் செதுக்கிக்கொண்டிருப்பது இதுதான் என்று காட்டுவதற்காக.

நாங்கள் போயிருந்த அன்று அவர் ஒரு பிள்ளையாருக்குத் துதிக்கை வடித்துக்கொண்டிருந்தார். கைப்பேசி அழைத்தது, பெங்களூரிலிருந்து வாங்குகிறவர். "இருங்க சார், காட்டுறேன்" என்று சொல்லி, கல் தூசியைத் துணியால் தட்டிவிட்டு, பத்திரிகையைத் தேடினார். அன்று பத்திரிகை வாங்க மறந்திருந்தார். எங்களில் ஒருத்தி ஓடிப்போய் எதிரே இருந்த தேநீர்க் கடையில் இரவல் வாங்கி வந்து கொடுத்தாள்.